டோரீன் நீட்டிய கரண்டி

வியாழக்கிழமை மாலையானால், காப்பெல் என்கிற அந்த அமெரிக்க ஊரில் ஸ்வர்ணாவின் வீட்டு வாசலில் செருப்பு விட இடம் கிடைக்காது. அமெரிக்கா முழுக்கப் பார்க்கிற ஒரு சமையல் போட்டியில் நம் ஸ்வர்ணா வருகிறாள் என்றால், அவரவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்ப்பதாவது? ஆளுக்கொரு அலுமினிய ட்ரேயில் பலகாரத்தை ஏந்திக்கொண்டு வந்துவிடுவார்கள். அவள் கணவன் சாய்ராம் சோஃபாக்களைச் சுவரோரம் தள்ளி, கார்ப்பெட்டின் மேல் ஜமுக்காளத்தை விரித்து, ரிமோட்டைக் கையில் எடுத்துக்கொள்வான். அதை அன்று வேறு யாருக்கும் தர மாட்டான்.

ஸ்வர்ணா மட்டும் கூடத்தில் உட்கார மாட்டாள். கிச்சன் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, டீ போடுகிற சாக்கில் பார்ப்பாள். ஷூட்டிங் கோடையிலேயே முடிந்துவிட்டது. யார் ஜெயித்தார்கள், தான் எப்போது வெளியேறினாள், எதையும் கட்டின புருஷனிடம்கூடச் சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். சாய்ராம் கேட்டுப் பார்த்தான், ஊகித்துப் பார்த்தான், கடைசியில் ஓய்ந்துபோனான். “மேடம், இந்த வாரம் இருக்கீங்களா, போயிடுவீங்களா, அதையாவது சொல்லுங்க. அதுக்கு ஏத்த மாதிரி ஸ்வீட் வாங்கறேன்” என்று அன்று காலையும் கேட்டான். அவள் சாம்பாருக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தாள்.

முதல் இரண்டு எபிசோடுகள் அவளுக்கு நல்லபடியாக அமையவில்லை. ஸ்வர்ணா சமைக்கும்போது ருசி பார்க்கிற வழக்கமில்லாதவள். அவள் அம்மா மாயவரத்தில் அப்படித்தான் பழக்கியிருந்தாள். அடுப்பில் இருப்பதை வாயில் வைத்தால் அது எச்சில். உப்பு கூடக்குறைய இருப்பதை மூக்கு சொல்லிவிடும். நடுவர் ஒருவர், “இதை நீங்கள் ருசி பார்த்தீர்களா?” என்று கேட்க, இவள் “இல்லை” என்று உண்மையைச் சொல்ல, டிவியில் அது ஏதோ ராஜகுமாரியின் திமிர் மாதிரி வந்திருந்தது. கூடத்தில் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

ஆனால் இந்த வாரத்து எபிசோடை ஆசையாக எதிர்பார்த்திருந்தாள். டோரீன் வெண்டைக்காய் சமைத்த நாள் அது.

டோரீன் லூசியானாவில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கறுப்பினப் பெண், ஸ்வர்ணாவைவிடக் கொஞ்சம் மூத்தவள், நல்ல உயரம். அந்த செட்டில் இவளுக்குப் பக்கத்து அடுப்பு. போன முதல் நாளே எல்லாருடைய ஃபோனையும் வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். ஹோட்டல் அறையில் டிவி இணைப்பைக்கூடப் பிடுங்கியிருந்தார்கள். பாத்ரூமுக்குப் போனால்கூட ஒரு சின்னப் பெண் கூடவே வந்து கதவுக்கு வெளியில் நிற்பாள். அந்த வாரங்களில் ஸ்வர்ணாவுக்குப் பேச்சுத்துணை டோரீன்தான். இவளுக்கு அசைவம் ஆகாது என்று தெரிந்து, அன்றைக்கு டோரீன் வெண்டைக்காயும் தக்காளியுமாக, மாமிசம் சேர்க்காமல் ஒரு குழம்பு வைத்தாள். நடுவருக்குப் பிடிக்குமோ பிடிக்காதோ, உனக்காகத்தான் என்று கண்ணடித்தாள். அது டிவியில் வரப்போகிறது.

வந்தது.

திரையில் டோரீன் கரண்டியில் கொஞ்சம் குழம்பை எடுத்து, ஊதி, ஒரு வாய் சுவைத்துவிட்டு, மீதியை அதே கரண்டியோடு ஸ்வர்ணாவிடம் நீட்டினாள். ஸ்வர்ணாவின் கை வெடுக்கென்று பின்னால் போனது. இசை நின்றது. அடுத்து ஸ்வர்ணாவின் முகம் திரை முழுக்க வந்தது. மூக்கு சுருங்கி, உதடு கோணி, அழுகிப்போன எதையோ கண்டதுபோல. அடுத்து டோரீனின் முகம். அதிலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. மறுபடியும் அந்தக் கை, இப்போது மெதுவாக. பிறகு, தனியறையில் உட்கார்ந்து ஸ்வர்ணா கேமராவைப் பார்த்துச் சொல்கிறாள்: “அதையெல்லாம் நான் வாயில் வைக்க மாட்டேன்.”



“நான் அத சிப்பிக்குச் சொன்னேன்” என்றாள் ஸ்வர்ணா, கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து. “பச்சையா சிப்பி சாப்பிடுவீங்களான்னு கேட்டாங்க. அதுக்குச் சொன்ன பதில் அது.”

யாரும் அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. வசந்தாமணி ஆன்ட்டி முந்திக்கொண்டாள். கோயம்புத்தூர்க்காரி. காப்பெல் தமிழர்களில் மூத்தவள் என்பதால் எந்த விஷயத்திலும் முதல் தீர்ப்பு அவளுடையது.

“பின்னே என்ன கண்ணு? எச்சக் கரண்டிய நீட்டுனா எப்புடி வாங்கறது? நல்லா பண்ணுன. அத்தன கேமரா நிக்குது, அப்பவும் நம்ம பழக்கத்த விட்டுக்குடுக்கல பாரு. அதாங் வேணும்.”

“கரெக்ட்” என்றார் அவள் கணவர் நாகரத்தினம், வாயில் போண்டாவோடு.

திட்டியிருந்தால்கூட ஸ்வர்ணா தாங்கியிருப்பாள். இந்தப் பாராட்டைத்தான் தாங்க முடியவில்லை. ஜமுக்காளத்தின் ஓரத்தில் அவள் மகள் ரக்ஷா ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹைஸ்கூல் கடைசி வருஷம் படிக்கிறவள். அம்மாவின் எலுமிச்சை சாத வீடியோவை அனுப்பி, இந்தப் போட்டிக்கு விண்ணப்பித்ததே அவள்தான். அவள் முகம் சிறுத்துக்கொண்டே போயிற்று.

“என்னடி போடறாங்க?”

“அம்மா, ப்ளீஸ், டோன்ட் லுக்.”

“ரேசிஸ்ட்னு போடறாங்களா?”

ரக்ஷா ஃபோனைக் கவிழ்த்துவைத்தாள். அதுவே பதில்.

அப்போதுதான் வசந்தாமணி ஆன்ட்டி கையைத் தூக்கினாள். “நிறுத்து, நிறுத்து. சாய்ராமு, அதக் கொஞ்சம் பின்னால ஓட்டு.”

“எதுக்கு ஆன்ட்டி? பார்த்த வரைக்கும் போதாதா?”

“ஓட்டு சொல்றேன். ம்ம்… அங்க நிறுத்து. கைய இழுக்கறாளா? நெத்தியப் பாரு. என்ன பொட்டு?”

“மெரூன்” என்றார்கள் நாலைந்து பெண்கள் ஒரே குரலில்.

“இப்ப அந்த மூஞ்சிக்குப் போ. மூஞ்சி கோணுதில்ல, அங்க. என்ன பொட்டு?”

கறுப்பு.

கூடம் அப்படியே எழுந்து நின்றுவிட்டது. சாய்ராம் முன்னே ஓட்டினான், பின்னே ஓட்டினான். மெரூன், கறுப்பு, மெரூன். கையும் முகமும் வேறு வேறு நாளைச் சேர்ந்தவை. அந்த நிகழ்ச்சியில் ஒரே எபிசோடைப் பல நாள் எடுப்பார்கள். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியக் கூடாதென்று தினமும் அதே சட்டை, அதே ஏப்ரன். சாயங்காலம் வாங்கித் துவைத்து, காலையில் அவர்களே கொடுப்பார்கள். தலைமுடி, நகப்பூச்சு எல்லாவற்றையும் ஃபோட்டோவோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். ஆனால் அத்தனை பேரில் ஒருவருக்கும் நெற்றியில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கர் பொட்டு மாறும் என்று தெரியவில்லை.

“அந்த கறுப்புப் பொட்டு அன்னைக்கு செட்ல ஃபிரிட்ஜ் ரிப்பேர்” என்றாள் ஸ்வர்ணா. “உள்ள இருந்த மீன் பூரா அழுகி நாறிச்சு. எல்லாரும் அப்படித்தான் மூஞ்சிய வச்சிருந்தோம்.”

“திஸ் இஸ் எவிடன்ஸ்!” என்று குதித்தாள் ரக்ஷா. “ஐ ஆம் போஸ்டிங் இட். ரைட் நவ்.”

“அம்மா கான்ட்ராக்ட் சைன் பண்ணியிருக்காடி. வக்கீல் நோட்டீஸ் வந்தா நம்ம வீட்ட விக்கணும்” என்று அவள் ஃபோனைப் பிடுங்கினான் சாய்ராம். ஆனாலும் கூடத்தில் கொண்டாட்டம் அடங்கவில்லை. ஏதோ கிரிக்கெட் மேட்ச் ஜெயித்த மாதிரி வசந்தாமணி ஆன்ட்டிக்குக் கை கொடுத்தார்கள். யாரோ போய் ஃபிரீசரிலிருந்து குல்ஃபியை எடுத்துவந்தார்கள்.

ஸ்வர்ணா டீ பாத்திரத்தைக் கழுவப் போனாள்.

அமீனா பின்னாலேயே வந்தாள். கீழக்கரைக்காரி, பக்கத்து ஊரில் மருந்தாளுநர். இருவரும் அமெரிக்காவுக்கு வந்த புதிதில் ஒரே அபார்ட்மென்ட் காம்ப்ளெக்ஸில் எதிரெதிர் வீடு. அமீனாவின் மகள் மஹா பிறந்தபோது ஆஸ்பத்திரியில் கூட இருந்தது ஸ்வர்ணாதான். அமீனா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு, கழுவின பாத்திரத்தைத் துடைக்க நின்றாள்.

“மூஞ்சி வேற நாள். சரி, ஒத்துக்கறேன்” என்றாள் அமீனா. “கை?”

ஸ்வர்ணா குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

“கை அன்னைக்குத்தான்.”

“தெரியும்.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“ஜுஹைர் நிக்காஹ்ல எங்ககூட சஹன்ல உக்காந்தியே, ஞாபகம் இருக்கா?”

ஜுஹைர் அமீனாவின் தம்பி. அவர்கள் கல்யாணங்களில் ஒரு பெரிய தாம்பாளத்தில் சோற்றைக் கொட்டி, சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். சஹன் என்பார்கள். ஸ்வர்ணாவுக்காக வெஜிடபிள் பிரியாணியில் தனியாக ஒரு சஹன் போட்டு, அமீனாவும் மஹாவும் அவளோடு உட்கார்ந்திருந்தார்கள்.

“உக்காந்த ஒடனே நீ என்ன பண்ணுனே தெரியுமா? ஒம் பங்க இழுத்துக்கிட்டு, சுத்தி வரப்பு கட்டுனே. நானும் மஹாவும் பாத்து பாத்து சிரிச்சோம்.”

ஸ்வர்ணாவுக்கு முகம் சுட்டது. “ஏன்டி, இத்தனை வருஷம் சொல்லவே இல்ல?”

“சொல்லி? இன்னும் உசரமா கட்டியிருப்பே.” அமீனா துண்டால் அவள் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள். “எனக்கு ஒன்னயத் தெரியும்டி. ராப்பகலா ஆஸ்பத்திரில நின்னவ நீ. வரப்பாவது, மண்ணாவது. ஆனா அந்தம்மாவுக்கு ஒன்னயத் தெரியுமா? அவங்க ஊர்ல கறுப்பு ஆளுக கையால எதையும் வாங்க மாட்டேன்னா அதுக்கு வேற அர்த்தம்.”

“ரக்ஷா கடிச்சு வச்ச ஆப்பிளக்கூட நான் சாப்பிடுவேன்.”

“அவ ஒன் வயித்துல பொறந்தவ. டோரீன் பஸ் ஓட்டறவ.”

குழாயை மூடிய பிறகும் ஸ்வர்ணா ஈரக்கையோடு நின்றாள். உலகம் அவளை ரேசிஸ்ட் என்று சொல்கிறது. காப்பெல் அவளை ஆசாரமானவள் என்கிறது. இரண்டும் போகட்டும். லூசியானாவில் ஒரு வீட்டில், பேரக்குழந்தைகளோடு உட்கார்ந்து டோரீன் இதைப் பார்த்திருப்பாள். அவள் என்ன நினைத்தாள் என்பது ஒன்றுதான் இப்போது வேண்டும். கேட்கவோ வழியில்லை. ஒருவர் ஃபோன் நம்பர் ஒருவரிடம் இல்லை. கடைசி எபிசோடு வரும்வரை போட்டியாளர்கள் தங்களுக்குள் பேசக் கூடாது என்பது வேறு விதியாம்.

மறுவாரம் கெல்ஸி ஃபோனில் கூப்பிட்டாள். போட்டியாளர்களிடம் தனியறையில் கேள்வி கேட்கிறவள் அவள்தான். இருபத்தைந்து வயதுகூட இருக்காது. தேன் வழியப் பேசுவாள். ரக்ஷாவின் கல்லூரி விண்ணப்பம்வரை ஞாபகம் வைத்து விசாரிப்பாள். அவளுடைய அறையில் ஏசி எப்போதும் எலும்பைத் துளைக்கும். சொன்ன பதிலையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வாள். கேள்வியையும் சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்லுங்கள், இன்னும் கொஞ்சம் கோபமாக, இன்னும் கொஞ்சம் சுருக்கமாக. பசியும் அசதியும் சேர்ந்து, எப்படியாவது வெளியே போனால் போதும் என்று ஆனபின் வாயிலிருந்து வருகிற வாக்கியம் எதுவோ, அதுதான் டிவியில் வரும்.

எல்லாப் போட்டியாளர்களும் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசுகிற ரீயூனியன் எபிசோடு எடுக்கப் போகிறார்களாம். “உங்கள் பக்கத்து நியாயத்தை நீங்களே சொல்ல இது நல்ல வாய்ப்பு” என்றாள் கெல்ஸி.

“டோரீன் எப்படி இருக்கிறாள்? அவள் நம்பர் கிடைக்குமா?”

“ஐயோ, அதற்கு அனுமதி இல்லையே. அவள் ரொம்ப வருத்தத்தில் இருக்கிறாள், ஸ்வர்ணா. நேருக்கு நேர் பார்க்கும்போது பேசிக்கொள்ளுங்கள். அதுதான் இயல்பாக இருக்கும்.”

இயல்பாக என்றால் கேமரா முன்னால் என்று அர்த்தம்.

“போகாத” என்றான் சாய்ராம். “மறுபடியும் வெட்டி ஒட்டுவாங்க. நீ ‘சாரி’ன்னு சொன்னா ‘சாரி’ய மட்டும் எடுத்துட்டுப் போய் வேற எங்கயாவது ஒட்டுவான்.”

“போனாத்தான் அவளப் பார்க்க முடியும், சாய்.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். அதற்குமேல் தடுக்கவில்லை. டிக்கெட் அவர்களே அனுப்பியிருந்தார்கள். ஏர்போர்ட்டுக்கு வண்டியை அவனே ஓட்டி வந்தான். அங்கே இறங்கும் முன், கூட வந்திருந்த ரக்ஷா ஒரு சின்னப் பையைக் கொடுத்தாள். உள்ளே வசந்தாமணி ஆன்ட்டி கொடுத்தனுப்பிய ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள். பச்சை, நீலம், கல் வைத்தது, பாம்பு மாதிரி வளைந்தது, எல்லாம்.

“எவ்ரி ஹவர் மாத்து, அம்மா. தென் தே கான்ட் கட்.”

அழுகை வந்துவிடும் போலிருந்ததால் ஸ்வர்ணா அவள் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டு இறங்கினாள்.

லாஸ் ஏஞ்சலஸுக்கு வெளியே, கோடவுன் மாதிரியான அதே கட்டடம். ஃபோனை வாங்கி உறையில் போட்டார்கள். தனியாக ஒரு டிரெய்லரில் உட்காரவைத்தார்கள். கதவுக்கு வெளியே அதே சின்னப் பெண். காலையிலிருந்து மதியம்வரை யாரும் வரவில்லை. ஸ்வர்ணா சொன்னபடி பொட்டை மாற்றிக்கொண்டே இருந்தாள். மேக்கப் போட வந்தவள் அந்த வளைந்த பொட்டைப் பார்த்து, “அழகாக இருக்கிறதே, இது புதிதா?” என்று கேட்டாள். “எங்கள் ஊரில் நேரத்துக்குத் தகுந்த மாதிரி மாற்றுவோம்” என்றாள் ஸ்வர்ணா. வாழ்க்கையில் அவள் சொன்ன பொய்களில் மிகவும் திருப்தியானது அது.

பிறகு கூப்பிட்டார்கள்.

வட்டமாக ஒரு மேஜை. ஆறேழு போட்டியாளர்கள். எதிரே டோரீன், ஊதா நிறச் சட்டையில். இவளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. இருவருக்கும் நடுவில், மேஜைமேல் ஒரு கிண்ணம். அதில் வெண்டைக்காய்த் தக்காளிக் குழம்பு. பக்கத்தில் ஒரே ஒரு கரண்டி.

அந்தக் கரண்டியைப் பார்த்ததும் ஸ்வர்ணாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவள் வேலை இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங். எந்த பட்டனை அழுத்தினால் எங்கே போகும் என்று பார்ப்பதுதான் பிழைப்பு. டோரீன் ஒரு வாய் சாப்பிட்டுக் கரண்டியை நீட்டுவாள். வாங்கினால், கண்ணீரும் வயலினுமாக ஒரு மன்னிப்புக் காட்சி. வாங்காவிட்டால், திருந்தாத ஜன்மம். எந்தப் பக்கம் போனாலும் அவர்கள் கட்டிவைத்த ரோடுதான். அவளும் டோரீனும் பேசிக்கொள்ள அதில் இடமே இல்லை.

நிகழ்ச்சி நடத்துகிறவர் தொண்டையைக் கனைத்தார். “ஸ்வர்ணா, அமெரிக்காவே அந்தக் கணத்தைப் பார்த்தது. டோரீனிடம் நீங்கள் இன்று என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?”

ஸ்வர்ணா வாயைத் திறந்தாள். பாடினாள்.

அவள் அம்மா காலத்துப் பழைய சினிமாப் பாட்டு அது. வத்தக்குழம்பு கொதிக்கும்போது தன்னையறியாமல் முணுமுணுக்கிற மெட்டு. குரல் முதலில் நடுங்கியது. சொந்தமாக ஒரு சுருதியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் அவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார்கள். டோரீன் நினைக்கவில்லை. அவளுடைய உதட்டோரம் மெல்ல வளைந்தது.

ஏனென்றால் அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். ஹோட்டலுக்கும் செட்டுக்கும் நடுவே ஓடும் வேனில் ஒரு நாள் சொன்னாள். அவளுக்குத் தெரிந்த பெண் ஒருத்தி இப்படி இன்னொரு நிகழ்ச்சிக்குப் போனவளாம். “ஒன்று டிவியில் வரக் கூடாதென்றால், ஹனி, பாடிவிடு. எவனோ எழுதின பாட்டு. அதைப் போட்டால் அவனுக்குக் காசு கொடுக்க வேண்டும், அனுமதி வாங்க வேண்டும். தூக்கிப் போட்டுவிடுவார்கள்.” இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள் அன்று.

இப்போது டோரீன் தன் பங்குக்கு ரேடியோவில் ஓயாமல் ஒலிக்கிற ஒரு பாட்டை எடுத்துவிட்டாள். சர்ச் கொயரில் பாடிப் பழகிய குரல், மேஜையே அதிர்ந்தது. இரண்டு பாட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு போயின. அந்தச் சந்தடியில் ஸ்வர்ணா தன் மெட்டுக்குள்ளேயே ஆங்கிலத்தைத் திணித்துப் பாடினாள்.

“முகம் வேறு நாள், டோரீன்… மீன் அழுகிப்போன நாள்…”

“தெரியுமே, ஹனி…” என்று அவளும் ராகமாக இழுத்தாள். “நானும்தானே அன்றைக்கு மூக்கைப் பொத்தினேன்…”

“ஆனால் கை… கை அன்றைக்குள்ளதுதான்… அந்தக் கை என்னுடையதுதான்…”

டோரீன் பாடுவதை நிறுத்திவிட்டாள்.

அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. கோபமா, பழைய வலியா, ஸ்வர்ணாவால் சொல்ல முடியவில்லை. ஆனால் கேமராக்காரனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு கேமரா சத்தமில்லாமல் உருண்டு டோரீனை நெருங்கியது. அந்த முகத்தைத்தான் அவர்கள் இத்தனை நாளாகத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்வர்ணா எழுந்து நின்றாள். பாட்டின் சரணத்தை உச்சஸ்தாயியில் எடுத்தாள். அவளுக்கு அந்த உயரம் எட்டாது என்று காப்பெல் முழுக்கத் தெரியும். நவராத்திரிக் கொலுவில் சுண்டல் கொடுத்துப் பாட வேண்டாம் என்று உட்காரவைக்கப்படுகிற குரல் அது. குரல் கிழிந்தது, சுருதி எங்கோ போனது. அவள் நிறுத்தவில்லை. டோரீனின் கண் துடைக்கப்பட்டு, முகம் மறுபடி அவளுடையதாகும்வரை, அந்தக் கூடத்தின் ஒவ்வொரு மைக்கிலும் அந்தப் பாட்டைத் தவிர வேறெதுவும் பதியாதபடி கத்திக்கொண்டே இருந்தாள்.

“கட்!” என்று யாரோ அலறினார்கள்.

கெல்ஸி ஓடிவந்தாள். தேன் போன இடம் தெரியவில்லை. “அது என்ன பாட்டு? யாருக்குச் சொந்தம்?”

“எனக்கு எப்படித் தெரியும்?” என்றாள் ஸ்வர்ணா, மூச்சு வாங்க. “கண்டுபிடிப்பது உங்கள் வேலை.”

இன்னும் பலமுறை முயன்று பார்த்தார்கள். கேள்வி வந்தபோதெல்லாம் பாட்டு வந்தது. போதாக்குறைக்குப் பொட்டு வேறு மாறிக்கொண்டே இருந்தது. மாலையாவதற்குள் இருவரையும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அந்த எபிசோடு ஒளிபரப்பானபோது அவர்கள் இருவரும் மேஜையோரத்தில் கண்ணிமைக்கிற நேரம்தான் வந்தார்கள். ஸ்வர்ணாவின் கோணல் முகம் இணையத்தில் இன்னமும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வேனில் கேமரா கிடையாது. முன் இருக்கையில் டிரைவரும், காதில் இயர்ஃபோனோடு அந்தச் சின்னப் பெண்ணும். ஃப்ரீவேயில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

“எனக்கு வலித்தது” என்றாள் டோரீன். “டிவியில் பார்த்தபோது இல்லை. அன்றைக்கே, அங்கேயே. என் அம்மா வேலை செய்த வீட்டில் அவளுக்கென்று தனியாக ஒரு டம்ளர் இருந்தது. அதை எங்கே வைப்பார்கள் என்றுகூட எனக்கு ஞாபகமிருக்கிறது.”

ஸ்வர்ணாவுக்கும் ஒரு டம்ளர் ஞாபகமிருந்தது. மாயவரத்து வீட்டுக் கொல்லைப்புற மாடத்தில் கவிழ்ந்தே இருக்கும். அதைத் தொட வேண்டாம் என்று மட்டும் யாரும் அவளுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

“எல்லாரிடமும் அப்படித்தானா?” என்று கேட்டாள் டோரீன். “இல்லை, என்னிடம் மட்டுமா?”

இந்தக் கேள்விக்குத்தான் அவள் இவ்வளவு தூரம் வந்திருந்தாள். சுலபமான பதில் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அதில் பாதி உண்மையும்கூட.

“எல்லாரிடமும்தான். என் உயிர்த்தோழியிடம்கூட. பழக்கம்” என்றாள். பிறகு, “ஆனால் உன்னிடம் கொஞ்சம் சீக்கிரமாக இழுத்துக்கொண்டேனோ என்று யோசித்துப் பார்த்தேன். எனக்கே தெரியவில்லை, டோரீன். அதனால்தான் சொல்ல வந்தேன்.”

டோரீன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு எக்ஸிட் போனது, இன்னொன்றும் போனது.

“அதற்கு அடுத்த நாள் இதே வேனில் ஒரு டப்பா சோறு பகிர்ந்து சாப்பிட்டோமே” என்றாள் கடைசியில். “நினைவிருக்கிறதா?”

“இல்லாமலா? ஒரே டப்பா” என்றாள் ஸ்வர்ணா ஆவலாக. அந்த நினைவைத்தான் அவள் இத்தனை நாளும் சாட்சியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே டப்பா. நீ உன் ஓரத்திலிருந்து சாப்பிட்டாய், நான் என் ஓரத்திலிருந்து. நடுவில் சோற்றாலேயே ஒரு சுவர் கட்டிவைத்தாய் பார், அப்படி ஒரு சுவர்! கடைசியில் அதையும் நான்தான் இடித்துத் தின்றேன்.” டோரீனின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. “பஸ் ஓட்டுகிறவள் நான். கண்ணாடியில் பின்னால் நடக்கிறதெல்லாம் தெரியும்.”

ஸ்வர்ணா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். உள்ளேயிருந்து சிரிப்பா அழுகையா என்று தெரியாத ஒரு சத்தம் வந்தது.

டோரீன் தன் பெரிய கைப்பையைத் திறந்தாள். ஒரு பேப்பர் நாப்கின் சுருளிலிருந்து, செட்டில் மேஜைமேல் இருந்த அதே கிண்ணத்தை எடுத்தாள். மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துக் கட்டியிருந்தது. “யாரோ சமைத்தது. வெண்டைக்காயைக் குழைய விட்டிருக்கிறார்கள், மடையர்கள். ஆனாலும் பசிக்கிறது.” கரண்டியால் ஒரு வாய் எடுத்துத் தின்றாள். முகத்தைச் சுளித்தாள். பிறகு கரண்டியை நிரப்பி, நீட்டினாள்.

“வேண்டாமென்றால் வேண்டாமென்று சொல். இங்கே யாரும் பார்க்கவில்லை.”

ஸ்வர்ணாவின் கை உடனே வரவில்லை. டோரீன் அவசரப்படுத்தவுமில்லை. வேன் ஒரு குலுக்குக் குலுக்கியது, கரண்டியிலிருந்து ஒரு சொட்டு ஊதாச் சட்டையில் விழுந்தது. கை வந்தது. ஸ்வர்ணா வாங்கினாள், வாயில் வைத்தாள், கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள்.

“என்ன?” என்றாள் டோரீன்.

“உப்பு பத்தாது.”

“அதைத்தான் நானும் சொல்கிறேன்! இதையெல்லாம் வாயில் வைத்துப் பார்த்தால்தானே தெரியும்?” என்று டோரீன் கையை விரித்தாள்.

“எனக்கு மேஜையில் உட்கார்ந்தபோதே தெரிந்துவிட்டது” என்றாள் ஸ்வர்ணா. “வாசனையிலேயே.”

முன் இருக்கையிலிருந்த பெண் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் இரண்டு பெண்கள் ஒரு கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு, கரண்டிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.